தழுதாழைச் சாறும் ஆறு வலது கால்களும்

ஆரைக்குளத்தில் வலது கால்கள் வீங்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார், சிவன் கோவில் அறங்காவலர் மூன்றாவது சுற்றின் பாதியில் நின்றார், வங்கிக் காசாளர் கண்ணாடிக்குப் பின்னால் முகம் சுளித்தார், பூக்கட்டும் பெண் ஒருத்தியும் பள்ளிக்கூடத்து ஆயாவும் குனிந்து பார்த்துக்கொண்டார்கள், வாழைத்தார் மண்டியில் சுமை தூக்கும் ஆவுடையப்பன் தோளில் தாரோடு லாரிப் பலகையில் இடது காலை வைத்துவிட்டு அடுத்த கால் வராமல் அப்படியே நின்றான். மொத்தம் ஆறு கால்கள். எல்லாம் வலது. அவித்த மரவள்ளிக் கிழங்கைப் போல வெளுத்துப் பளபளத்து, கணுக்கால் எங்கே என்று தேட வேண்டியதாக வீங்கி, சாயங்காலம் நான்கு மணிக்கு வந்ததைப் போலவே வடிந்துபோயின.

ஆவுடையப்பனின் மனைவி சந்தனமாரிக்கு மட்டும் அன்றைக்கே காரணம் தெரிந்துவிட்டது. ஊருக்குத் தெற்கே பாறைக் கரட்டை ஒட்டி இருந்த மருந்தியல் கல்லூரியில், எலி வளர்க்கும் கூடத்தில், பதினாறு வருடமாக அவள் வேலை பார்த்தாள். பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வரும் பிள்ளைகள் எலியைத் தொட மாட்டார்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு வாசலில் நின்று எழுதுவார்கள். எலியைப் பிடிப்பதும், வலது பின்னங்காலில் கடற்பாசிப் பசையை ஊசியால் ஏற்றி வீங்க வைப்பதும், வளைந்த குழல் வழியாகத் தொண்டைக்குள் மருந்தை இறக்குவதும், எல்லாம் முடிந்தபின் கொல்வதும் சந்தனமாரிதான். மூத்திரமும் உமியும் புளித்துக் கிடக்கும் அந்தக் கூடத்தின் நாற்றம் அவள் தலைமுடியில் ஏறியிருந்தது, சேலையில் ஏறியிருந்தது, சோற்றைப் பிசையும்போது விரலிடுக்கிலிருந்து எழுந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை தர்ஷணா என்ற மாணவி தழுதாழை இலையைக் காய்ச்சி எடுத்த சாற்றோடு வந்தாள். முதல் கூண்டின் ஆறு எலிகளுக்கு மருந்தில்லாத வெறும் பசைத்தண்ணீர், இரண்டாவது கூண்டின் ஆறு எலிகளுக்குச் சாறு. பசைத்தண்ணீர் குடித்த எலிகளின் கால் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியபடியே இருந்தது. சாறு குடித்த எலிகளின் கால், பத்தேகால் மணிக்கு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கியது.

"எத்தன மணிக்கு வந்திச்சு இது?" என்று சாயங்காலம் வீக்கம் வடிந்திருந்த புருஷனின் காலைப் பார்த்துக் கேட்டாள் சந்தனமாரி.

"பத்தேகால் இருக்கும். ஏன் கேக்க?"

"எங்க எலிக்கும் பத்தேகாலுக்குத்தான் வடிஞ்சிது."

ஆவுடையப்பன் சுவரில் சாய்ந்து விரல் மடக்கினான். "எத்தன எலி?"

"ஆறு."

"அப்ப கணக்கு சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவன் சாப்பிட உட்கார்ந்தான்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது முறை சோதனை நடந்தபோது வேறு ஆறு பேருக்கு வீங்கியது, அடுத்த செவ்வாயில் இன்னும் வேறு ஆறு பேருக்கு. மூன்றாவது வாரத்தில் ஊர் அதைப் பழகிக்கொண்டது. பெண் பார்க்கும் வைபவத்தைச் செவ்வாய் வெள்ளியில் வைப்பதைத் தவிர்த்தார்கள், பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தைப் புதன்கிழமைக்கு மாற்றினார்கள், டவுன் பஸ்ஸில் ஏற முடியாமல் தவிப்பவர்களைப் பார்த்தால் நடத்துநர் "இன்னைக்கு உமக்கா?" என்று கேட்டுக் கையைக் கொடுத்தார், கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருந்த மாசிலாமணி அண்ணாச்சி இடது கால் அளவு ஏழும் வலது கால் அளவு பத்துமாக ஜோடி சேர்த்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். வீங்கிய காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் மாவில் அழுத்தியதைப் போலக் குழி விழும். அந்தக் குழி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று தேநீர்க் கடையில் ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சிரித்தார்கள். எண்ணி முடித்த விரலாலேயே வடையைப் பிட்டுத் தின்றார்கள். மத்தியானம் கூண்டுக்கு உமி வாங்கக் கடைத்தெருவுக்கு வந்து அதைப் பார்த்த அன்று சந்தனமாரி ஓடையோரம் உட்கார்ந்து, காலையில் குடித்த நீராகாரத்தை வாந்தி எடுத்தாள்.

ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் குணபாலனிடம் ஊர்க்காரர்கள் யாரும் சண்டைக்குப் போகவில்லை. இவ்வளவு சுத்தமாக வீக்கத்தை எடுக்கும் சாறு வேறு எந்தக் கல்லூரியிலும் இல்லை என்று அவர் சொன்னதில் அவர்களுக்குப் பெருமையாக இருந்தது. தர்ஷணாதான் ஒருநாள் தயங்கிக்கொண்டே கேட்டாள். "சார், ஊர்ல வீங்குறவங்க காலையும் அளந்து எழுதிரலாமா சார்?"

"எலியை அளக்கத்தான் அனுமதி வாங்கியிருக்கோம். மனுஷன் காலை அனுமதி இல்லாம அளந்தா அது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா?" என்றார் அவர். உண்மையிலேயே அதிர்ந்து போயிருந்தார். அதனால் அந்தக் கால்கள் அளக்கப்படவில்லை. அளக்கப்படாததால் ஆராய்ச்சியில் அவை இல்லை.

அறங்காவலருக்கு இரண்டாவது முறையும் வீங்கியபோதுதான் ஊர்க்கூட்டம் கூடியது. யாருக்கு வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் சிரமம், மற்றபடி ஒன்றுமில்லை என்று அவர் சொன்னார். கஷ்டத்துக்குப் பழக்கப்பட்டவர்கள் இதை ஏற்றுக்கொண்டால் ஊருக்கும் நல்லது, ஆராய்ச்சிக்கும் நல்லது என்று இன்னொருவர் சொன்னார். யார் பழக்கப்பட்டவர்கள் என்று யாரும் கேட்கவில்லை. மாசிலாமணி அண்ணாச்சி கல்லூரிக்குப் பின்னால் கூலிக்காரர்கள் குடியிருந்த கரட்டுத் தெருவுக்கு நடந்துவந்து ஆறு பெயர்களை எழுதிக்கொண்டு போனார். முதல் பெயர் ஆவுடையப்பன். பேராசிரியர் அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்து, கல்லூரி முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை வீக்கம் அந்த ஆறு பேருக்கு மட்டும், தாளில் இருந்த வரிசையில், ஒருவர் பின் ஒருவராக வந்தது. கடைத்தெருவிலும் கோவில் தெருவிலும் ஒரு கால்கூட வீங்கவில்லை. அவ்வளவு ஒழுங்காக வந்ததைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள். வீக்கம் வந்ததற்குக்கூட அவர்கள் அப்படி வியக்கவில்லை.

ஆவுடையப்பன் வாரத்தில் இரண்டு நாள் மண்டிக்குப் போக முடியவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும், முப்பது வருடமாக அவனைத் தாண்டிப் போனவர்கள் அவன் வீட்டு வாசலில் நின்று பேசினார்கள். யாரோ இட்லி கொடுத்தனுப்பினார்கள். யாரோ தங்கள் குழந்தையைக் கூட்டிவந்து, "மாமா காலைத் தொட்டுப் பாரு, பயப்படாத" என்றார்கள். குழந்தை விரலால் குத்தியது. குழி விழுந்தது. ஆவுடையப்பன் சிரித்தான். சந்தனமாரி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அந்தச் சிரிப்பைத்தான் பார்க்க முடியவில்லை. கூண்டுக் கம்பிக்குள் கேரட் துண்டை நீட்டினால் வாங்கிக்கொள்ளும் எலியின் முகம்கூட அவ்வளவு நன்றியோடு இருந்ததில்லை.

சாற்றின் வெற்றி பல இடங்களுக்குத் தெரிந்த பிறகு, மேலிடத்திலிருந்து கல்லூரிக்குக் கடிதம் வந்தது. வீக்கத்தை எடுக்கும் சாறு கட்டியை எடுக்குமா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எலியின் கழுத்தில் தோலுக்கடியில் கெட்ட கட்டியை வளர்த்து, சாற்றைக் கொடுத்துக் கரைக்க வேண்டும். அதற்கு எலிகளின் நலனைப் பார்க்கும் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆரைக்குளத்தில் அந்த வெளியாள் மாசிலாமணி அண்ணாச்சி. வருடத்துக்கு மூன்று முறை வந்து, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

அன்றும் வந்தார். சந்தனமாரி தேநீர் கொண்டுபோனாள்.

"எலிக்கு ரொம்ப வலிக்குமா சார்?" என்று அண்ணாச்சி கேட்டார். கேட்பது தன் கடமை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"வலிக்காது. சாறு குடுத்ததும் கட்டி போயிரும்," என்றார் குணபாலன்.

"அப்ப சரி. பாவம், வாயில்லாச் சீவன்." பேனாவைத் திறந்தார்.

"எங்க போவும் சார்?" என்றாள் சந்தனமாரி.

தேநீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றதை அப்போதுதான் இரண்டு பேரும் பார்த்தார்கள். அண்ணாச்சி ஒப்பமிட்டு முடித்து, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகியபின் பொறுமையாகச் சொன்னார்: "அதுக்குத்தான் லிஸ்ட்டு இருக்கே தாயி. மொச்சக்கொட்ட அளவு கட்டிதானாம். கால் வீங்குனா நடக்க முடியாது. இதுக்கு நடக்கலாம், வேலைக்கும் போவலாம். ஒம்புருசனுக்கு ஒருவகையில இது வசதிதான்."

"கால்வீக்கம் நாலு மணிக்கு வடிஞ்சிரும் அண்ணாச்சி. கட்டி எத்தன மணிக்கு வடியும்?"

அண்ணாச்சி பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

வீட்டில் அவள் புருஷனிடம் கெஞ்சினாள். பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னாள். அது கால் வீங்குவதைப் போல அல்ல, தானே ஊசி ஏற்றிய எலிகளின் கழுத்தைத் தினமும் விரலால் உருட்டிப் பார்க்கிறாள், அது வளரும், வளர்ந்துகொண்டே இருக்கும் என்று சொன்னாள்.

"எம்பேர எடுத்தா சும்மா விட்டுருவாவளா? எதுத்த வீட்டுக்காரன் பேர எழுதுவாவ."

"எழுதட்டும்."

"நீயா இப்பிடிப் பேசுதே?" அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஏட்டி, இந்த ஊருல ஆவுடையப்பன்னு ஒருத்தன் இருக்கான்னு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. நேத்து அறங்காவலரு எனக்கு நாக்காலி போடச் சொன்னாரு. நாக்காலி! அத விட்டுட்டு வரச் சொல்லுதியா?"

"நாக்காலிக்கா கழுத்தக் குடுப்பிய?"

"ஒரு எலி பொழைக்குதுல்லா," என்றான் அவன். அதை அவன் நம்பிச் சொன்னான். அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

பதினைந்து நாளில் எலிகளின் கழுத்தில் கட்டி மொச்சைக்கொட்டை அளவுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை சாறு கொடுக்க வேண்டும். அன்று காலை தர்ஷணா வருவதற்கு முன்னால் சந்தனமாரி கூடத்தைத் திறந்து, தழுதாழைச் சாறு இருந்த புட்டியைத் தொட்டித் துவாரத்தில் கவிழ்த்தாள். பச்சையும் கறுப்புமாக அது இறங்கியது. புட்டியில் பசைத்தண்ணீரை நிரப்பி, நிறம் வருவதற்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த முருங்கைக்கீரைச் சாற்றைக் கலந்து குலுக்கினாள். அவள் யோசித்தது மிகவும் எளிது: சாறு குடிக்காத எலிக்கு வீக்கம் போவதில்லை, ஆகவே சாறு குடிக்காவிட்டால் கட்டியும் எலியோடு நிற்கும். ஆறு எலிகள் கட்டியோடு சாகும். அதை நினைத்து அவளுக்கு வருத்தம் வரவில்லை. வராததைக் கவனித்தாள், அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு எலியாகப் பிடித்து, குழலைத் தொண்டைக்குள் இறக்கி, முருங்கைத் தண்ணீரை ஊற்றினாள்.

பத்தேகால் ஆனது. பத்தரை ஆனது. பதினொன்றுக்கு ஆறு எலிகளின் கழுத்தையும் தடவிப் பார்த்தாள். கட்டி இருந்தது. ஆறிலும் இருந்தது. பதினாறு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கூடத்துக்குள் அவள் மூச்சை முழுசாக இழுத்துவிட்டாள்.

அப்போது கரட்டுத் தெருப் பெண் ஒருத்தி வேலியோரம் நின்று கூப்பிட்டாள். "மைனி! அண்ணனுக்கு வந்துட்டு! கழுத்துல, வலது பக்கம். எல்லாருக்கும் வந்துட்டு, வரிசையா. ஒங்க வீட்டுல கூட்டம் நிக்கி, வாங்க!"

சந்தனமாரி வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எத்தன மணிக்கு?"

"பத்தேகாலுக்கு."

அவள் கூடத்து வாசலுக்குத் திரும்பி, இதற்குள் வந்திருந்த தர்ஷணாவின் முன்னால் நின்றாள். அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குத்துணிக்கு மேலே கண்கள் கலங்க, நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"எலிக்குக் கட்டி போவல. தொட்டுப் பாரு. அப்புறம் எப்பிடி அங்க வந்திச்சு?"

"அக்கா…"

"என்ன எழுதியிருக்க? அத வாசி."

தர்ஷணா புத்தகத்தைத் திறக்கவில்லை. "சார் போன வாரமே ரிசல்ட் டேபிள் போட்டுக் குடுத்துட்டாங்க அக்கா. சாறு குடிச்ச ஆறு எலிக்கும் பத்தேகாலுக்குக் கட்டி முழுசாக் கரைஞ்சிருச்சுன்னு. எல்லா ஆராய்ச்சிக்கும் முதல்ல டேபிள்தான் வரும். நான் தேதி மட்டும்தான் எழுதினேன். கால் வீக்கத்துக்கும் அப்படித்தான்."

"எலி கால் வடிஞ்சத நான் என் கண்ணால பாத்தேனே."

"டேபிள்ல வடிஞ்சிருச்சுன்னு இருந்துச்சு அக்கா," என்றாள் அவள், அது ஒரு பதில் என்பதைப் போல. பிறகு அழுதாள். "இத மாத்தி எழுதினா எனக்குப் பட்டம் கிடையாது."

சந்தனமாரி கூண்டைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனாள். கண்ணாடி போட்ட மேசையில் கூண்டை வைத்தாள். உமி சிந்தியது. ஓர் எலியை வெளியே எடுத்து அதன் கழுத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "சார், நான் சாறு ஊத்தல. கொட்டிட்டேன். வெறும் முருங்கத் தண்ணிதான் குடுத்தேன். பாருங்க, கட்டி இருக்கு. டேபிள்ல எழுதினத அடிச்சிருங்க சார். அடிச்சா அவியளுக்குப் போயிரும்."

குணபாலன் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ எதை ஊத்தினா என்ன, டேபிள்ல சாறுன்னுதானே இருக்கு," என்றார். பிறகு குனிந்து, தொடாமல், எலியின் கழுத்தைச் சிறிது நேரம் பார்த்தார். "இந்த எலி சரியில்லை. இந்தக் கூண்டே சரியில்லை. முடிச்சிரு. வேற ஆறு வாங்கிக்கலாம்."

"டேபிள் சார்?"

"அது மேலிடத்துக்குப் போயாச்சு."

அவள் கூண்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிவந்தாள். எலிகள் கட்டி இருந்த பக்கமாகத் தலையைச் சாய்த்து வைத்திருந்தன. உயிரோடு விட்டால் இன்னும் பத்து நாளில் அவற்றால் தண்ணீர் விழுங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். மயக்கமருந்து ஜாடிக்குள் பஞ்சை நனைத்துப் போட்டு ஒவ்வொன்றாக விட்டாள், மூடியைப் பிடித்துக்கொண்டாள், ஒவ்வொன்றும் ஓய்ந்தபின் எடுத்துப் பையில் போட்டாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மறுபடியும் கழுவினாள். தோல் சிவக்கும்வரை கழுவிவிட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு நடந்தாள்.

வாசலில் பந்தல்கூடப் போட்டிருந்தார்கள். மண்டபத்து நாற்காலிகள் வந்திருந்தன. கட்டி வந்த ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருக்க, எல்லோர் கழுத்திலும் மாலை. மாலை கட்டியின் மேல் உரசாமல் இருக்க வலது பக்கம் சற்றுத் தூக்கிக் குத்தியிருந்தார்கள். அந்த யோசனை மாசிலாமணி அண்ணாச்சியுடையது. அறங்காவலர் விபூதி பூசிவிட்டார். ஒவ்வொருவராக வந்து கட்டியைத் தொட்டுப் பார்த்து, "மொச்ச அளவுதான், ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் கேசரி வாங்கிக்கொண்டார்கள். நெய் ஒட்டிய விரல்களோடு இரண்டாம் முறை தொட்டவர்களும் இருந்தார்கள். ஆவுடையப்பனின் கழுத்தில் அந்த இடம் மட்டும் மினுமினுத்தது.

அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "சந்தனம்! எலி பொழச்சிட்டா?"

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. எல்லோரும் அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

"இல்ல," என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். "எலிக்குக் கட்டி போவவே இல்ல. ஆறு எலிக்கும் அப்பிடியே இருந்திச்சு. இப்பத்தான் ஆறையும் கொன்னுட்டு வாரேன். ஒண்ணுகூடப் பொழைக்கல."

கேசரித் தட்டில் ஈ மொய்த்தது. சந்தனமாரி காத்திருந்தாள். யாராவது எழுந்து கல்லூரிக்கு நடப்பார்கள், யாராவது அந்தத் தாளைக் கிழிப்பார்கள், குறைந்தது யாராவது மாலையைக் கழற்றுவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

மாசிலாமணி அண்ணாச்சிதான் முதலில் தொடையைத் தட்டினார். "அட! எலியால தாங்க முடியாதத நம்ம ஆளு தாங்கிக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க! நாக்காலியில!" என்றார். எவ்வளவு உண்மை என்று அறங்காவலர் தலையாட்டினார். பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். கைதட்டல் வாசலில் தொடங்கித் தெருமுனைவரை போய், அங்கே என்ன விஷயம் என்று தெரியாதவர்களும் தட்டி, திரும்பி வந்தது.

ஆவுடையப்பன் மட்டும் தட்டவில்லை. மாலைக்கு அடியில் கையை விட்டுக் கட்டியைத் தொட்டான். ஒரு பக்கமாக உருட்டிப் பார்த்தான், மறுபக்கமாக உருட்டிப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் சிறிது நேரம் உதட்டிலேயே நின்றது.

"ஏட்டி," என்றான். அந்தச் சத்தத்தில் அவளுக்கு மட்டும்தான் அது கேட்டது. "எலியோடது எலிகிட்டயே இருந்திச்சுன்னா, அப்ப இது யாரோடது?"

அவன் பக்கத்தில் அவள் உட்கார நாற்காலி இல்லை. தரையில் உட்கார்ந்தாள்.